கோயில் வாசலில் எடை மெஷின் எதுக்கு?

பதிவு கொஞ்சம் நீளம். பசியாறிட்டு நிதானமா உட்கார்ந்து படிங்க. படிச்சிட்டு கோபம் வந்தா வெள்ளிக்கிழமை நேர்ல வந்து திட்டுங்க, நாங்க அன்னதானக் கூடத்துலதான் இருப்போம்.

நம்ம கடை வரிசையில, முன்னே தையல் கடை இருந்த இடத்துல, மூணு மாசமா ஒரு சத்துபானக் கடை நடக்குது. எல்லாரும் பார்த்திருப்பீங்க. கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர், உள்ள கலர் கலரா நாற்காலி. போய் உட்கார்ந்தா முதல்ல கற்றாழைத் தண்ணி, அப்புறம் ஒரு தேத்தண்ணி, கடைசியா பெரிய கிளாஸ்ல ஷேக். மூணும் சேர்த்து 15 வெள்ளி. கடையை நடத்துறது நம்ம பிள்ளைங்கதான். கடை போட்டதுல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. கிள்ளான்ல யார் வேணும்னாலும் கடை போடலாம், பிழைக்கலாம்.

இந்தப் பதிவுக்குக் காரணம் வேற. போன மாசம் ரெண்டு வெள்ளிக்கிழமை, தீபாராதனை முடிஞ்சு மக்கள் வெளியே வர்ற நேரத்துல, செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு மேசை, அது மேல ஒரு எடை மெஷின். 'இலவச உடல் பரிசோதனை'ன்னு அட்டை. திருநீறு பூசின கையோட நம்ம அக்காமார்கள் வரிசையில நிக்கிறாங்க. இப்ப நிர்வாகத்துக்கிட்ட கடிதமும் வந்திருக்கு. திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் அவங்க செலவு, கூட 3,000 வெள்ளி நன்கொடை. பதிலுக்கு பந்தல்ல அவங்க பேனர், பால்குடம் எடுக்கிறவங்களுக்கு அரை மணி நேரம் 'ஆரோக்கிய உரை'. நிர்வாகத்துல சிலர் நல்லதுதானேங்கிறாங்க. தொண்டர்கள் நாங்க வேண்டாங்கிறோம். ஏன்னு சொல்றோம்.

முதல்ல அந்த மெஷின். ஏறி நின்னு கைப்பிடியைப் பிடிச்சா கொழுப்பு எத்தனை சதவீதம், 'உங்க உடம்போட வயசு' எத்தனைன்னு காட்டுது. 46 வயசு அக்காவுக்கு 63ன்னு வந்தா யாருக்குத்தான் வயித்தக் கலக்காது? ஆனா அது கொழுப்பை நேரா அளக்குறது இல்ல. லேசா மின்சாரத்தை உடம்புக்குள்ள விட்டு, அது எவ்வளவு தடைபடுதுன்னு பார்த்து, மெஷின் செஞ்சவன் எழுதி வச்ச கணக்கை வச்சு ஊகிச்சுச் சொல்லுது. தண்ணி குடிச்சிருந்தா ஒரு நம்பர், குடிக்காட்டி ஒரு நம்பர், சாப்பிட்டு வந்தா இன்னொண்ணு. 'உடம்பு வயசு'ன்னு ஒரு வரியை எந்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட்லயாவது பார்த்திருக்கீங்களா? எங்க ஆட்கள்ல பாதிப்பேர் தொழிற்சாலையில வேலை செய்றவங்க. லைன்ல ஒரு தராசு இருந்தா, கடைசியா எப்ப சரிபார்த்தாங்க, அடுத்தது எப்பன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கணும். இல்லாட்டி அந்தத் தராசுல நிறுத்த சாமானை வெளியே அனுப்ப விடமாட்டோம். ஸ்குரூவுக்கே அந்த மரியாதைன்னா கோயிலுக்கு வர்ற தாய்க்கு என்ன மரியாதை?

மெஷின் பயத்தைக் கொடுக்கும், கடை மருந்தைக் கொடுக்கும். ரெண்டும் ஒரே மேசை.

இனி அந்த கிளாஸ்ல என்ன இருக்குன்னு பார்ப்போம். நம்ம கடை எந்தக் கம்பெனியோடதுன்னு இங்க எழுத மாட்டோம், அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். ஆனா இந்த வகைத் தூள்லயே உலகம் பூரா பேர் போனது ஹெர்பலைஃப். அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தா, ஒரு தடவை கலக்குற தூள்ல புரதம் 9 கிராம் அளவுதான். சோயாவுல இருந்து எடுத்தது. மீதிப் புரதம் அதுல ஊத்துற பாலு கொடுக்குது. நம்ம மடப்பள்ளியில செய்ற கொண்டைக்கடலை சுண்டல், வேக வச்சது 100 கிராம் எடுத்தீங்கன்னா அதுலயும் கிட்டத்தட்ட 9 கிராம் புரதம், கூடவே 7 கிராமுக்கு மேல நார்ச்சத்து. தாளிக்கிற எண்ணெயைக் குறைச்சுக்கிட்டா போதும். நம்ம பாட்டிமார் கம்பு, கேழ்வரகு, பயறு எல்லாம் வறுத்து அரைச்சு சத்துமாவுன்னு வச்சிருந்தாங்க. அதை டப்பாவுல அடைச்சு கலர் படம் போட ஆள் இல்ல, அவ்வளவுதான்.

'எனக்கு எட்டு கிலோ குறைஞ்சிருக்கு, அதுக்கு என்ன சொல்றீங்க'ன்னு கேப்பீங்க. குறையும். கோழி வச்ச நாசி லெமாக் 600 கலோரிக்கு மேல போகும், ஷேக் 200 சொச்சம். ரெண்டு வேளை சாப்பாட்டை நிறுத்திட்டு ஷேக் குடிச்சா குறையாம என்ன செய்யும்? ரெண்டு வேளை கீரை சூப் குடிச்சாலும் குறையும். தூளை நிறுத்தின மாசம் என்ன ஆகுதுன்னு, ஆறு மாசம் கழிச்சு அதே ஆளைக் கேட்டாத்தான் தெரியும். அந்தப் படத்தை யாரும் ஃபேஸ்புக்ல போடுறதில்ல.

இன்னொண்ணும் நேர்மையா சொல்லிடணும். இந்த மாதிரி பானம் குடிச்சு இனிப்பு நீர் அடங்குமான்னா, அடங்கும்னு பெரிய ஆராய்ச்சியே இருக்கு. பிரிட்டன்ல நடந்தது, 2017 டிசம்பர்ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்தது. மூணு மாசத்துல இருந்து அஞ்சு மாசம் வரைக்கும், ஒரு நாளைக்கு 850 கலோரிக்குள்ள, பானம் மட்டும். ஒரு வருஷத்துல அந்தக் குழுவில 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சக்கரை கட்டுக்குள்ள வந்துச்சு. கடைக்காரங்க இந்தக் கதையைத்தான் சொல்றாங்க, பாதிக் கதையை. மீதிப் பாதி என்னன்னா, அதைச் செஞ்சது கிளினிக்ல. மாத்திரையை நிறுத்தினது டாக்டர். பயிற்சி எடுத்த நர்ஸும் உணவு ஆலோசகரும் முறையா கூப்பிட்டுப் பார்த்து, மறுபடி சாப்பாட்டுக்குக் கொண்டு வந்து, அதுக்கப்புறமும் கவனிச்சாங்க. இங்க மாத்திரையைப் பத்திப் பேசுறது யாரு? ரெண்டு நாள் ஹோட்டல் செமினார்ல உட்கார்ந்துட்டு வந்தவங்க.

நம்ம மடப்பள்ளியில காய் நறுக்க வர்ற ஒரு அக்கா, பேரு வேண்டாம். பல வருஷமா இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுறவங்க. காலையில சக்கரையை இறக்குற மாத்திரையைப் போட்டுக்கிட்டு, பசியாறாம ஷேக் மட்டும் குடிச்சிட்டு, பத்து மணிக்கு வெண்டைக்காய் நறுக்கிட்டு இருந்தாங்க. கை நடுங்கி, வேர்த்து ஊத்தி, பேச்சு குழறிடுச்சு. கையில கத்தி. பக்கத்துல இருந்த தங்கச்சி புரிஞ்சுக்கிட்டு சீனித் தண்ணி கரைச்சுக் கொடுத்தா, பிழைச்சாங்க. அந்த மாத்திரைக்கு வயித்துல சாப்பாடு வேணும்; சாப்பாட்டைக் குறைச்சா மாத்திரை அளவை டாக்டர் மாத்திக் கொடுக்கணும். இதை அவங்களுக்கு ஷேக் வித்தவங்க கேக்கவே இல்ல. அதுக்கு மேல, 'ரெண்டு மாசத்துல மாத்திரையை மெல்ல விட்டுடலாம் அக்கா'ன்னு சொல்லியிருக்காங்க. கிளினிக்குக்கு நாங்கதான் கூட்டிட்டுப் போனோம்.

நம்ம சமூகத்துல இது விளையாட்டு இல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வுல நாட்டுல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்கள்ல பத்துக்கு மூணு பேர். வெள்ளிக்கிழமை நம்ம மண்டபத்துல நூறு பேர் உட்கார்ந்தா முப்பது பேருக்கு இருக்குன்னு வச்சுக்கோங்க. அந்த முப்பது பேருக்கு முன்னாடி அரை மணி நேர 'ஆரோக்கிய உரை'ன்னா, அது என்ன உரைன்னு யோசிங்க.

இந்த நாட்டுல சட்டம் இல்லாம இல்ல. 1956-ம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்துல ஒரு பட்டியலே இருக்கு: இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, புற்றுநோய், சிறுநீரக நோய், இருதய நோய். இதையெல்லாம் குணமாக்கும்னு பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. அதனாலதான் டப்பாவுல அப்படி ஒரு வார்த்தையும் இருக்காது. டப்பாவுல அச்சடிக்க முடியாததை கிளாஸ் கொடுக்கும்போது காதுல சொல்றாங்க. காதுல சொல்றதுக்கு ரசீது கிடையாது.

சரி, பானத்தை விடுங்க. பானம் நல்லதாவே இருக்கட்டும். எங்களுக்குப் பெரிய கவலை அந்த வியாபார முறை.

அது சாதாரணக் கடை மாதிரி இல்ல. சாதாரணக் கடையில நீங்க வாடிக்கையாளர். தோசை சாப்பிட்ட உங்களை 'நீங்களும் ஒரு தோசைக் கடை போடுங்க, உங்க தங்கச்சியையும் போடச் சொல்லுங்க'ன்னு தோசைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். இங்க மூணாவது வாரத்துலயே அந்தப் பேச்சு வந்துடுது. 'நீங்க மெம்பர் ஆனா தள்ளுபடி. இன்னும் கொஞ்சம் வாங்கினா கூடத் தள்ளுபடி. கீழ அஞ்சு பேரைச் சேர்த்தா வருமானம்.' ஹெர்பலைஃப் கம்பெனி 1980-ல அமெரிக்காவில லாஸ் ஏஞ்சலஸ்ல மார்க் ஹியூஸ்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. இந்த மாதிரி 'கிளப்' வச்சு ஒவ்வொரு கிளாஸா விக்கிற முறை மெக்சிகோ பக்கம் கிளம்பி அங்கேருந்து பரவுச்சு. ஒரு டப்பா மொத்தமா வாங்க முடியாத ஏழைக்கு ஒரு கிளாஸ். ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்ல விக்கிற அதே மூளை. அமெரிக்காவுல ஸ்பானிஷ் பேசுற குடியேறிகள் மத்தியில வேகமா பரவுச்சு. ஏன் அவங்க? சொந்தம், சர்ச்சு, ஒரே ஊர்க்காரங்கன்னு நெருங்கி வாழ்றவங்க, ஒருத்தர் சொன்னா இன்னொருத்தர் நம்புவாங்க. நம்மளைப் போலத்தான்.

அப்புறம் என்ன ஆச்சு? 2016 ஜூலையில அமெரிக்க அரசோட மத்திய வர்த்தக ஆணையம் அந்தக் கம்பெனி மேல குற்றச்சாட்டு வச்சு, கம்பெனி 20 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிச்சு. 2017 ஜனவரியில ஏறக்குறைய 350,000 பேருக்கு செக் அனுப்பினாங்க. கம்பெனி தப்பை ஒத்துக்கல, அதையும் சொல்லிடுறோம். ஆனா அந்த ஆணையத்தோட அறிக்கையில ஒரு விஷயம் இருக்கு, கடை போட நினைக்கிறவங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். கிளப் போட ஒருத்தர் சராசரி 8,500 டாலர் செலவு பண்ணியிருக்கார். அதுல 57 சதவீதம் பேர் லாபமே இல்ல, இல்லாட்டி நஷ்டம்னு சொல்லியிருக்காங்க. அந்தக் கணக்கு எதிரிங்க போட்டது இல்ல, கம்பெனியே எடுத்த ஆய்வுல வந்தது. அதுக்கப்புறம்தான், வெளியாளுக்கு உண்மையா வித்த சரக்குக்குத்தான் பணம், ஆள் சேர்த்ததுக்கு இல்லன்னு முறையையே மாத்தச் சொல்லி உத்தரவு வந்துச்சு.

நம்ம நாட்டுலயும் நேரடி விற்பனைக்கும் பிரமிட் திட்டத்துக்கு எதிராவும் 1993-ம் ஆண்டுச் சட்டம் இருக்கு. உள்நாட்டு வாணிப அமைச்சோட லைசென்ஸ் வேணும். லைசென்ஸ் இருக்கலாம், நாங்க இல்லைன்னு சொல்லல. லைசென்ஸ் இருந்தா உங்களுக்கு லாபம் வரும்னு அர்த்தம் இல்ல. காடி லைசென்ஸ் இருக்கிறவன் இடிக்க மாட்டான்னு சொல்ல முடியுமா?

கணக்கு போட்டுப் பார்ப்போம், ஸ்கூல் பிள்ளைங்க போடுற கணக்குதான். ஒருத்தர் அஞ்சு பேர். அந்த அஞ்சு பேர் ஆளுக்கு அஞ்சு, 25. அப்புறம் 125, 625, 3,125. அஞ்சாவது படியிலயே நம்ம தாமான் காலி. ஒன்பதாவது படியில 1,953,125. இந்த நாட்டுல இருக்கிற மொத்த இந்தியர்களே ஏறக்குறைய இருபது லட்சம்தான், கைக்குழந்தையும் சேர்த்து. 'சீக்கிரம் சேருங்க'ன்னு அவசரப்படுத்துறது ஏன்னு இப்ப புரியுதா? கடைசியில சேர்றவங்களுக்குக் கீழ ஆள் இருக்காது. கட்டில் அடியில டப்பாதான் இருக்கும்.

குடிக்கிறவங்க கணக்கும் இருக்கு. ஒரு கிளாஸ் 15 வெள்ளி, மாசம் 26 நாள், 390 வெள்ளி. இப்போ குறைந்தபட்சச் சம்பளம் 1,700. ஏறக்குறைய கால் பங்கு ஒரு ஆளோட ஒரு வேளை பானத்துக்குப் போகுது. புருஷனும் பெண்டாட்டியும் குடிச்சா 780. பிள்ளையோட டியூஷன் காசு எங்கேருந்து வரும்?

'அந்தத் தங்கச்சி பாவம், பிழைக்கிறதுக்குக் கடை போட்டிருக்கா, அவ வயித்துல அடிக்கிறீங்களே'ன்னு ஒரு அண்ணன் எங்களைக் கேட்டார். நாங்க கவலைப்படுறதே அவளுக்கும் சேர்த்துத்தான். கடை வாடகை அவ தலையில, சரக்கு அவ காசுல, மேல இருக்கிறவருக்குக் கமிஷன் அவ வாங்குற ஒவ்வொரு டப்பாவுலயும். அவரு இந்தத் தாமான் பக்கமே வர்றதில்ல. கடை படுத்தா அவருக்கு அடுத்த தாமான், அவளுக்குக் கடன். நம்ம சந்நிதியில நின்னு அவ சிரிச்ச முகத்தை நம்பித்தான் அக்காமார்கள் வாங்குறாங்க, கம்பெனியை நம்பி இல்ல. விக்கிறது பால் தூள்னு நினைக்கிறீங்க, அங்க உண்மையா விலை போறது நம்ம பழக்கம். இருபது வருஷமா ஒண்ணா கோலம் போட்டு, ஒண்ணா பூ கட்டி, சாவுக்கும் கல்யாணத்துக்கும் போய் வந்து சேர்த்த பழக்கம். அதைக் காசாக்கிக்கிறதுக்குக் கோயிலை விட நல்ல இடம் அவங்களுக்குக் கிடைக்காது. அதான் இங்க வர்றாங்க. ஏற்கனவே ரெண்டு குடும்பம் டப்பா காசு விஷயமா பேசிக்கிறதில்ல. ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை வர்றதையே நிறுத்திடுச்சு.

இன்னொருத்தர் கேட்டார்: 'கோயில்ல சக்கரைப் பொங்கலும் கேசரியும் கொடுக்கிறீங்க, நீங்க ஆரோக்கியம் பேசலாமா?' கேள்வி நல்ல கேள்விதான். பிரசாதம் ஒரு கரண்டி, சாமி பேரைச் சொல்லி வாயில போட்டுக்கிறது. அதை மூணு தொன்னை வாங்கி ராத்திரிச் சாப்பாடா ஆக்கிக்கிறது நம்ம ஆசை. இருந்தாலும் நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம், கீழ சொல்றோம்.

விரதக்காரங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஷேக்கோட சேர்த்து மாத்திரை குப்பிகளும் கொடுக்கிறாங்க. 'ஒமேகா'ன்னு இருந்தா பெரும்பாலும் மீன் எண்ணெய். மென்மையான கேப்சூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின். ஹலால் முத்திரை இருந்தா பன்றி இல்லன்னு அர்த்தம், மாடு இல்லன்னு அர்த்தம் இல்ல. 48 நாள் விரதம் இருந்து பால்குடம் எடுக்கிறவங்க வாயில அது போகணுமா? லேபிளைப் படிங்க. படிக்கத் தெரியாட்டி எங்ககிட்ட கொண்டாங்க.

வாட்ஸ்ஆப்ல ஒரு கல்லீரல் செய்தியும் சுத்துது. கேரளாவில ஒரு இளம்பெண் இறந்ததைப் பத்தி அங்க உள்ள டாக்டர்கள் மருத்துவ இதழ்ல எழுதினது உண்மை. கம்பெனி எதிர்த்ததும் உண்மை, அந்தக் கட்டுரையை 2020-ல இதழ்லேருந்து எடுத்ததும் உண்மை. ஒரே ஒரு நோயாளியை வச்சு அந்தக் கிளாஸ் விஷம்னு நாங்க சொல்ல மாட்டோம். தயவுசெஞ்சு அதை ஃபார்வர்டு பண்ணாதீங்க. மேல சொன்ன காரணமே போதும், பயமுறுத்துற வேலையை அவங்களே பார்த்துக்கட்டும்.

நிர்வாகத்துக்கு எங்க கோரிக்கை இவ்வளவுதான். கோயில் வளாகத்துக்குள்ள, செருப்பு வைக்கிற இடம் உட்பட, எடை மெஷின் கூடாது. உரை கூடாது. பந்தல்ல பேனர் கூடாது. அந்தப் பிள்ளைங்க சாமி கும்பிட வரட்டும், அன்னதானத்துல உட்காரட்டும், மத்தவங்க மாதிரி கரண்டி பிடிச்சுப் பரிமாறட்டும், மனசார வரவேற்கிறோம். 3,000 வெள்ளி இல்லாம தண்ணீர்ப் பந்தல் நடக்காதான்னா, நீர் மோருக்கும் பானகத்துக்கும் எவ்வளவு ஆகும்னு எங்களுக்குத் தெரியும். தலைக்கு 20 வெள்ளின்னு 150 பேர் போட்டா முடிஞ்சது. இதுவரைக்கும் 61 பேர் பேர் கொடுத்திருக்காங்க.

யாராவது இந்தக் கடைப் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியிருந்தா, திங்கட்கிழமை அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்க. குடிமக்களுக்கு 1 வெள்ளி. மாத்திரை அட்டையையும் கொண்டு போங்க, ஷேக் டப்பாவையும் கொண்டு போங்க, டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. உணவு ஆலோசகரைப் பார்க்கணும்னு வாயைத் திறந்து கேளுங்க. போக காடி இல்லன்னா எங்கள்ல யாருக்காவது சொல்லுங்க, ஏத்திட்டுப் போய் ஏத்திட்டு வர்றோம்.

சரக்கு எடுத்து வச்சு விக்க முடியாம இருக்கிறவங்க, ரசீதோட வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானக் கூடத்துக்கு வாங்க. நேரடி விற்பனைச் சட்டத்துல, வாங்கினதுக்கு அப்புறமும் ரத்து செய்ய கொஞ்ச நாள் அவகாசம் இருக்கு, அதனால தள்ளிப் போடாதீங்க. பாரம் எழுதத் தெரிஞ்ச பிள்ளைங்க ரெண்டு பேர் நம்மகிட்ட இருக்காங்க. வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

அப்புறம், வர்ற வெள்ளியிலேருந்து கேசரிக்குப் பதிலா சுண்டல். ஒரு வாரம் கொண்டைக்கடலை, ஒரு வாரம் பச்சைப்பயறு. வியாழக்கிழமை ராத்திரி கடலை கழுவி ஊற வைக்க மூணு பேர் வேணும், வெள்ளி மத்தியானம் தேங்காய் துருவ ரெண்டு பேர். பேர் கொடுக்கிறவங்க கீழ எழுதுங்க.